பேட்டரிக்கு ஓட்டம் வேணுமாம்

அக்கா, முழங்கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க. மடியில் இருக்கிற இந்த ஒயர்கூடைக்குள் பேட்டரி இருக்கிறது. டார்ச் லைட் பேட்டரி இல்லைக்கா, மோட்டார் சைக்கிள் பேட்டரி. ஐயோ, எழுந்திரிக்காதீங்க. வெடிக்காது. வெடிக்கிற சாமானாக இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? இன்னும் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டியவள் நான்.

கண்டக்டரும் இப்படித்தான் பயந்தார். "என்னம்மா கூடையில?" என்றார். பேட்டரிண்ணே என்றேன். "லக்கேஜ் போடணுமே" என்றார். மடியில்தானே வைத்திருக்கிறேன், மடியில் வைத்திருந்தால் பிள்ளைக்கே டிக்கெட் கிடையாதே என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு முன்னால் போய்விட்டார்.

காலடியில் இருக்கிற பையா? அது பூசணிக்காய் இல்லைக்கா. அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த பேட்டரியைப் பட்டுக்கோட்டையில் எங்க நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லி எங்க வீட்டுக்காரர் உத்தரவு. அவர் பஹ்ரைனில் இருக்கிறார். எங்க வண்டி கிக்கர் இல்லாத வண்டி, செல்ஃப் மட்டும்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அது வெறும் இரும்பு. துணி காயப்போடலாம், அவ்வளவுதான். அவர் அடுத்த லீவில் வருகிற வரைக்கும் வண்டி வீட்டைவிட்டு நகரக்கூடாது என்பதுதான் விஷயம். குறிப்பாக, நான் நகர்த்தக்கூடாது.

எனக்கு வண்டி ஓட்டுகிற ஆசையெல்லாம் கிடையாதுக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வீட்டில் இருந்தபோது மொபெட்டிலும் அப்பா பைக்கிலும் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வருவேன், லைசென்ஸ்கூட அப்போதே எடுத்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த நினைப்பே கிடையாது. என் கவலை எல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். உங்களுக்கு பேட்டரி பற்றித் தெரியுமா? தெரியாதா? அப்படியென்றால் கேளுங்க, பட்டுக்கோட்டை வருகிற வரைக்கும் பொழுது போகும்.

போன லீவில் வந்தபோதுதான் அவர் அந்த வண்டியை எடுத்தார். நல்ல சிவப்பு. லீவு முடிந்து தை மாசக் கடைசியில் கிளம்புகிறார். வாசலில் கார் நிற்கிறது. அவர் அம்மா, எங்க அத்தை, அவங்க காலில் விழுந்து கும்பிட்டார். எங்க பொண்ணு இலக்கியாவுக்கு ஒரு முத்தம். என்னிடம் "பார்த்துக்க" என்றார். அப்புறம் வண்டிக்கிட்டே போனார். போனவர் வரவே இல்லை. கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார், அத்தை நல்ல நேரம் முடியப்போகிறது என்கிறார், இவர் சீட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறார். "பார்த்துக்க" என்று என்னிடம் சொன்னாரே, அதுவும் வண்டியைத்தான் என்று அப்புறம் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை செல்ஃப் போட்டு, பால் பொங்குற நேரம் ஓட விடு. ஏறி உட்காராதே. ஸ்டாண்டுலயே நிக்கட்டும். பேட்டரி இறங்கிடக் கூடாது" என்றார். சரிங்க என்றேன்.

அதோடு விடவில்லை. யாராவது தொட்டால் கத்துகிற மாதிரி ஒரு அலாரத்தையும் மாட்டிவிட்டுப் போனார். இராப்பகலாக ஒரு சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்கென்று எரியும். பூனை ஏறினால் கத்தும். தூறல் விழுந்தால் கத்தும். ஆரம்பத்தில் அது கத்தினால் தெருவே எழுந்து வரும். பிறகு யாரும் வருவதில்லை. திருடன் வந்திருந்தால் நிம்மதியாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம், அவன்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு அங்கே லீவு. வீடியோ காலில் வருவார். நான் செல்ஃப் போட்டுவிட்டு போனை சைலன்ஸர் பக்கம் காட்டுவேன். அங்கே ஒரே ரூமில் நிறைய பேர், மேலே ஒரு கட்டில் கீழே ஒரு கட்டில். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் பேசும்போது ஒருநாளும் கண்ணை மூடினதில்லை, தூக்கம் வந்தால்தான் மூடுவார். ஒருதடவை நான் வண்டியை நிறுத்தினதும் மேல்கட்டிலில் இருந்து ஒரு ஆள், மலையாளத்துக்காரர், "சேச்சி, ஒண்ணுகூடி" என்றார். இன்னொரு தடவை போடு என்று அர்த்தமாம். போட்டேன். ஆம்பளைங்க வெளிநாட்டில் வேலை பார்த்துக் களைச்சுப்போய் என்னென்னமோ கேட்கிறாங்க, நமக்கென்ன.

இப்படி வாரம் தவறாமல்தான் செய்தேன். சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை செல்ஃபை அழுத்தினால் "டக்" என்றது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. போனில் அவர் முகத்தைப் பார்க்கணுமே. "என்னடி பண்ணின?" என்றார். நீங்க சொன்னதைத்தாங்க பண்ணினேன் என்றேன். "நான் சொன்னதைப் பண்ணினா எப்படி இறங்கும்?" என்றார். அதுதான் எனக்கும் சந்தேகமாக இருந்தது.

உடனே நாத்தனார் வீட்டுக்காரர் குணசீலன் அண்ணனுக்கு போன் போட்டார். பட்டுக்கோட்டையில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். அண்ணன் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். செல்ஃபை அழுத்தினார், டேங்கில் காதை வைத்துக் கேட்டார். "பொம்பள கை பட்டிருக்கு, அதான்" என்றார். டீ குடித்தார். போய்விட்டார்.

அப்புறம் நான்தான் பேராவூரணியில் அடைக்கலம் மெக்கானிக்கைப் போய்க் கூட்டிவந்தேன். அவர் வரும்போதே சலித்துக்கொண்டுதான் வருவார். பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"வாரம் ஒருதடவை செல்ஃப் போட்டியா? நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் ஓட்டி அமத்துனியா?" என்றார்.

"ஆமாண்ணே, பால் பொங்குற நேரம்."

"பால் பொங்குச்சு, பேட்டரி வத்திப்போச்சு. ஒவ்வொரு தடவை செல்ஃப் போடுறதுக்கும் அது ஒரு வாளி தண்ணி எடுத்துக் கொடுக்குது. நின்ன இடத்துல ஓட்டுனா திரும்பி வர்றது ஒரு டம்ளர். இதுல இந்தச் சனியன் வேற" என்று அலாரத்தைக் காட்டினார். "இது ராத்திரி பகலா உறிஞ்சிக்கிட்டு இருக்கு. யாரு மாட்டுனது?"

எங்க வீட்டுக்காரர்தான் என்றேன்.

"வண்டியைக் காப்பாத்தவா?"

ஆமாண்ணே என்றேன். ஒயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

அப்புறம் சொன்னார்: ஒன்று, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வைத்து, மாசா மாசம் சார்ஜர் போட்டு ஏற்றணும். இல்லாவிட்டால் வண்டியை ரோட்டில் எடுத்து நல்லா ஓட்டணும், வாரா வாரம். "அதுக்கு ஓட்டம் வேணும்மா. ஓட்டம் கொடு, இல்ல கழட்டி வை. ரெண்டும் இல்லாம நடுவுல வச்சிக்கிட்டு பேட்டரி போச்சுன்னு என்கிட்ட வராதே."

ஓட்ட ஆள் இல்லை, அதனால் கழற்றித்தான் வைத்தேன். எப்படிக் கழற்றுவது என்று அவரிடமே கேட்டுக்கொண்டேன். மைனஸ் ஒயரை முதலில் கழற்றணும்க்கா, பிளஸ்ஸை அப்புறம். மாட்டும்போது தலைகீழ், பிளஸ் முதலில். மாற்றிச் செய்து ஸ்பேனர் வண்டியில் பட்டால் பொறி பறக்கும். ஒருதடவை பறக்கவிட்டுப் பார்த்தேன், தெரிந்துகொள்ளணும் இல்லையா.

வீட்டுக்குள் வைத்த கதையைக் கேளுங்க. அத்தை ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டார். தரையில் வைத்தால் சில்லிட்டுப் போகுமாம். எங்க வீட்டில் குளிர்ச்சியான இடம் சாமி மூலைதான், அங்கே வைத்தோம். அத்தை திருநீறு பூசி, பக்கத்தில் விளக்கேற்றிவிட்டார். அடைக்கலம் அண்ணன் சார்ஜரைக் கொடுக்க வந்தவர் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். சார்ஜ் ஏறும்போது அதில் இருந்து கேஸ் வருமாம், பக்கத்தில் நெருப்பே இருக்கக்கூடாதாம். "விளக்கை எடுங்கம்மா" என்றார். "சாமிக்கு எடம் மாத்த முடியாது, உன் பேட்டரியை மாத்து" என்றார் அத்தை.

மாற்றினால் வேறு எங்கே பிளக் இருக்கிறது? டி.வி. பக்கத்தில்தான். அத்தை தினமும் சாயங்காலம் சீரியல் பார்ப்பார், அதில் வருகிற மருமகள் படுகிற பாட்டுக்கு அழுவார். மின்சாரம் நிலையாக இருக்கிற நேரமும் அதுதான். நான் சார்ஜரைச் சொருகிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போவேன். திரும்பி வந்தால் சார்ஜர் கீழே கிடக்கும், டி.வி.யில் யாராவது விஷம் கலந்துகொண்டிருப்பார்கள். "அத்தை, பேட்டரி" என்பேன். "இரு சுகந்தி, அவ பாயசத்தைக் குடிக்கப்போறா" என்பார். அவள் குடிக்கவும் இல்லை, பேட்டரி ஏறவும் இல்லை. ஆடி மாசம் பூராவும் அந்தப் பாயசம் ஓடியது. அத்தனை மாசமும் வெள்ளிக்கிழமை போனில் வண்டி சத்தம் இல்லாமல் அவர் கட்டிலில் புரண்டுகொண்டு கிடப்பார்.

பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மணையில் உட்காரவைத்திருக்கீங்களே, என்ன விசேஷம் என்று ஒருத்தி கேட்டாள்.

இப்படியே போய் ஆயுதபூசை வந்தது. பூசைக்கு வண்டி வேணுமே. பேட்டரியை எடுத்து மாட்டினேன், பிளஸ் முதலில். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ரெண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பழத்தின் மேல் வண்டியை ஏற்றி எடுக்க ஆள் வேணும். குணசீலன் அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் கடை லோடு ஆட்டோவுக்கும் பூசை, அவரால் நகர முடியவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை. ராகுகாலம் நெருங்குகிறது. பஹ்ரைனில் எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு வீடியோவில் காத்துக்கொண்டிருக்கிறார். அத்தை கையில் போன். தெருவில் பார்த்தால் சும்மா நிற்கிற ஆம்பளை ஒருத்தர் இல்லை, எல்லாரும் அவங்கவங்க வண்டியோடு இருக்கிறார்கள்.

அத்தை போனைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு என்னிடம், "நீயே ஏறுடி. நேரம் போகுது" என்றார்.

நானா ஏறினேன், நீங்களே சொல்லுங்க. பெரியவங்க சொன்னால் என்ன செய்வது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். செல்ஃப் போட்டேன். கியர் போட்டேன். பழம் நசுங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், அதுதான் வழக்கம். ஆனால் எனக்கு அப்போது அடைக்கலம் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. இதுவரைக்கும் இதுக்கு ஒரு ஓட்டம் இல்லையே, சார்ஜரும் ஏறவில்லையே, பாவம். அதனால் தண்ணி டேங்க் வரைக்கும் போனேன். டேங்க்கிட்டே திரும்பலாம் என்று பார்த்தால் ரோடு நல்லா இருந்தது. இன்னும் கொஞ்சம் போய், வாய்க்கால் பாலத்தில் திரும்பினேன். வாழைக்கன்று ரெண்டும் எங்கேயோ விழுந்துவிட்டது.

போனில் அவருக்குத் தெரிந்தது சக்கரமும் எலுமிச்சம்பழமும்தான். அவருக்கு ஒரே சந்தோஷம். "யாரும்மா எடுத்தது? அலுங்காம எடுத்திருக்காங்களே?" என்றார். அத்தை, "எல்லாம் நம்ம வீட்டு ஆளுதான். நீ சோத்தைத் தின்னு" என்று வைத்துவிட்டார்.

அவர் குணசீலன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலமே அண்ணனுக்கு போன் போட்டு, மச்சான் நீங்கதான் மச்சான் மனுஷன் என்று தழுதழுத்திருக்கிறார். வராமல் போனதற்கு என்ன சொல்லலாம் என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்த நேரம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள" என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாரா வாரம் நானே வந்து ஒரு ரவுண்டு எடுத்துடறேன் மாப்ள, பேட்டரிக்கு நல்லது" என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் எனக்கு போன் போட்டு, "தங்கச்சி, கடையில ஆள் இல்ல, இந்த வாரம் நீ பார்த்துக்க" என்றார். அதற்கு அப்புறம் வந்த வாரமெல்லாம் இந்த வாரம்தான்.

அப்போது யாராவது ஓட்டித்தானே ஆகணும்?

முதலில் வெள்ளிக்கிழமை மட்டும்தான், பாலம் வரைக்கும். பாலம் வரைக்கும் போய்வந்தால் வாளி நிறையுமா என்று சந்தேகம் வந்தது. இலக்கியா பள்ளிக்கூடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, நடந்தால் பாதி வழியில் தூக்கச் சொல்லுவாள். ஒரே வேலையாக அவளையும் ஏற்றிக்கொண்டு போனால் பேட்டரிக்கும் ஆச்சு. அப்படியே பால் சொசைட்டிக்கும் கேனைக் கட்டிக்கொண்டு போனேன். பால் எடுத்துப்போக வீட்டுக்கு வருகிற ஆளைவிட சொசைட்டியில் நல்லா அளக்கிறார்கள், அது வேற விஷயம், அதற்காகப் போகவில்லை. வெள்ளிக்கிழமை அத்தைக்குக் கோயில். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பேட்டரிக்கு நல்லதா என்று கேட்டார். நல்லதுதான் அத்தை என்றேன். அன்றிலிருந்து பேட்டரிக்காக ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்து வருகிறார். இப்போதெல்லாம் வளைவில் மெதுவாகப் போனால் முதுகில் தட்டுகிறார்.

ஒயர் மாட்டுகிற டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்ப்பேன். பிளஸ் மைனஸ் ரெண்டையும் கழற்றிவிட்டுத்தான். காயவிட்டு வாஸலின் தடவுவேன். இலக்கியா தன் உதட்டுக்கும் தடவச் சொல்லுவாள். எங்க வீட்டில் அந்த டப்பா ரெண்டு பேருக்கும் பொது.

அவ்வளவு பார்த்தும் மார்கழியில் அது போய்விட்டதுக்கா.

ஆமாம், இதுதான். இந்தக் கூடையில் இருக்கிறதுதான். ஒருநாள் காலையில் செல்ஃப் அழுத்தினேன், சத்தமே இல்லை. அடைக்கலம் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சித்திரையில் ஒரேயடியாக வற்றிப்போய்க் கிடந்ததே, அப்போதே உள்ளே அடிபட்டுப் போச்சாம். ஒருதடவை அப்படிக் காய்ந்தால் அப்புறம் என்ன ஏற்றினாலும் முழுசாகத் தேறாதாம். "இத்தனை மாசம் இழுத்ததே நீ ஓட்டுனதாலதான்" என்றார். பால் காசில் புது பேட்டரி ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். இதைத் தூக்கிப்போட மனசில்லை, மணையிலேயே இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீங்களா? சொல்லத்தான் நினைத்தேன். அவருக்கு அப்போது அங்கே காய்ச்சல். காய்ச்சலில் கிடக்கிற மனுஷனிடம் இப்படியொரு சாவுச் செய்தியைச் சொல்லலாமா? காய்ச்சல் விடட்டும் என்று இருந்தேன். காய்ச்சல் விட்டது. அப்புறம் பொங்கல் வந்துவிட்டது. அப்புறம் வண்டி சத்தம் முன்னைவிட நல்லா கேட்கிறதே, மச்சான் கைராசி என்றார். அதற்கு அப்புறம் எப்படிச் சொல்ல?

சரி, எப்படி மாட்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன். புது பேட்டரிக்கு ஆரம்பத்தில் நல்ல ஓட்டம் கொடுக்கணும் என்று எனக்குத் தோன்றியது. அடைக்கலம் அண்ணன் அப்படியெல்லாம் சொல்லவில்லை, எனக்கே தோன்றியதுதான். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மல்லிப்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். இலக்கியா முன்னால், அத்தை பின்னால். இத்தனை வயசுக்கு அத்தை கடலில் காலை நனைத்ததே இல்லையாம், பக்கத்தில்தானே இருக்கிறது. உப்புக்காற்று டெர்மினலுக்கு ஆகாதுக்கா. அது எனக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒயரைக் கழற்றி வெந்நீரில் துடைத்துவிட்டேன்.

திரும்பி வருகிறபோது எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் எதிரே வந்திருக்கிறான். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். "எங்கள் ஊர் சிங்கப்பெண்கள்" என்று கீழே எழுதி, நெருப்பு படம் வேறு வைத்திருந்தான். அது பஹ்ரைனுக்குப் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் அவர் போன் வந்தது. எடுத்ததும், "அம்மா சிரிச்சிக்கிட்டு இருக்காங்க" என்றார். ஆமாங்க, கடலைப் பார்த்தோம்ல என்றேன். "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றார். பிறகுதான் ஞாபகம் வந்த மாதிரி கத்த ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டு எடுத்த? பிள்ளையை டேங்க் மேல உக்கார வச்சிக்கிட்டு! மச்சான் வாரா வாரம் மெனக்கெட்டு வந்து பார்த்துக்கிட்டு இருக்கார், நீ அதைக் கடக்கரைக்கு ஓட்டிக்கிட்டுப் போறியா?"

"பேட்டரிக்காகத்தாங்க" என்றேன்.

"பேட்டரியா? அந்த பேட்டரியைக் கழட்டு. நாளைக்கே கழட்டி மச்சான்கிட்ட கொண்டுபோய்க் கொடு. நான் வர்ற வரைக்கும் அது அங்கதான் இருக்கணும்."

அத்தை போனை வாங்கினார். "அப்ப நான் கோயிலுக்கு எப்படிடா போறது?" என்றார். "முன்னாடி எப்படிம்மா போன?" என்றார் இவர். "முன்னாடி போகலடா" என்றார் அத்தை. உடனே இவர் போனை வைத்துவிட்டார்.

நேற்று ராத்திரி நான் தூங்கவில்லைக்கா. வண்டி நின்றுவிட்டால் பிள்ளை மறுபடி நடக்கணும், பால் மறுபடி அந்த ஆளுக்குப் போகணும், அத்தை மறுபடி சீரியலே கதி என்று உட்காரணும். அதெல்லாம்கூடப் போகட்டும். பேட்டரி? குணசீலன் அண்ணன் வீட்டில் சிமெண்ட் தூசி. சார்ஜர் போடத் தெரியாது. அடுத்த வருஷம் அவர் வரும்போது அந்தப் புதுசும் இதே மாதிரி காய்ந்துபோய்க் கிடக்கும். ஒன்றைக் கண் முன்னால் சாகக் கொடுத்தவள், இன்னொன்றையும் கொடுப்பேனா?

காலையில் முதல் போன் குணசீலன் அண்ணனிடமிருந்துதான். குரலே வெளியே வரவில்லை. கடைக்குள் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் நின்று பேசியிருப்பார் போல.

"தங்கச்சி, மாப்ள எல்லாத்தையும் சொன்னாரு. நீ ஒண்ணும் உளறிடலையே?"

"என்னண்ணே உளற?"

"அதாம்மா, நான் வாரா வாரம் வந்தது."

"நீங்க வரவே இல்லையேண்ணே."

"அதைத்தாம்மா சொல்றேன்!" என்றார். அப்புறம் கெஞ்சுகிற மாதிரி, "எதையாவது ஒரு பேட்டரியைக் கொண்டாந்து கொடும்மா. வந்துருச்சு மாப்ள, பத்திரமா இருக்கு மாப்ளன்னு சொல்லிக்கிறேன். வண்டியில வந்துடாதே, கடைத்தெருவுல எல்லாரும் பார்ப்பாங்க. பஸ்ல வா" என்றார்.

அதனால்தான் பஸ்ஸில் வருகிறேன். அவர் கேட்டது பேட்டரி, கொண்டுபோகிறேன். எங்க வீட்டுக்காரர் கையால் வாங்கின பேட்டரிதான் இது, அவர் பிரியம் வைத்திருந்த பேட்டரி. மணைப்பலகையும் இந்தக் கூடைக்குள்ளேதான் இருக்கிறது. அங்கே வெறுந்தரையில் வைத்துவிடப் போகிறார்கள் என்று அத்தை கொடுத்துவிட்டார்.

பையா? ஆமாம்க்கா, சொல்கிறேன் என்றேன் இல்லையா? ஹெல்மெட். ஊரில் இருந்து பேராவூரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி வருவது, நீங்களே சொல்லுங்க. இத்தனை கனத்தை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்க முடியுமா? வண்டியை அங்கே ஸ்டாண்டில் டோக்கன் போட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டு வந்தால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். இதை ஒப்படைத்துவிட்டு நாலு மணிக்குள் திரும்பணும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இலக்கியா வாசலில் நின்று வண்டி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள், தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவாள்.

என்ன சிரிக்கிறீங்க? வெள்ளிக்கிழமையா? ஆமாம், நாளன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவருக்கு லீவு. போனில் வருவார். அதை நானும் நினைத்துப் பார்க்காமல் இல்லை. பேட்டரி பட்டுக்கோட்டையில் இருக்கிறது, வண்டியில் எப்படி சத்தம் வரும், இல்லையா?

நானாகப் போய் வண்டியைப் போட மாட்டேன்க்கா. அவர் நகர்த்தாதே என்றிருக்கிறார். பொய்யும் சொல்ல மாட்டேன். அவர் பேசுவார், சாப்பிட்டியா என்பார், பிள்ளை எங்கே என்பார், அம்மாவிடம் கொடு என்பார். அப்புறம் பேச்சு நின்றுவிடும். எனக்கு அந்த இடம் நல்லாத் தெரியும். அந்த நேரத்தில்தான் நான் வழக்கமாகச் செல்ஃப் போடுவேன். மேல்கட்டில், கீழ்க்கட்டில் எல்லாரும் பேசாமல் இருப்பார்கள். நானும் பேசாமல் இருப்பேன்.

அவர் போடு என்று சொன்னால் போடுவேன். சொல்லாவிட்டால் போட மாட்டேன்.

சொல்லாமல் இருக்க மாட்டார்க்கா. அந்த மனுஷனுக்கு அது இல்லாமல் வெள்ளிக்கிழமை போகாது. அதில் அவர் எதைக் கேட்கிறாரோ எனக்குத் தெரியாது, வெறும் டப டப டப என்றுதான் கேட்கும். சத்தம் வந்ததும் எல்லாம் புரிந்துவிடும், கண்டிப்பாகப் புரிந்துவிடும். ஆனால் கண்ணை மூடியிருப்பாரே, அமர்த்தின பிறகுதானே திறக்கணும்.

அதனால் உடனே அமர்த்த மாட்டேன். கொஞ்ச நேரம் ஓடட்டும்.

ஏதோ கடைத்தெரு தெரியுது, பட்டுக்கோட்டையா? அக்கா, எழுந்திரிக்கணும், இந்தக் கூடையை ஒரு நிமிஷம் பிடிங்க. சாய்க்காதீங்க, நேரா பிடிங்க. செத்துப்போனதுதான், ஆனாலும் உள்ளே ஆசிட் இருக்கு.